ஏற்காடு வாசகர் சந்திப்பு: ஓவியர் கையெழுத்துக்குக் காசு கேட்கிறார், எவ்வளவு கொடுப்பது நியாயம்?

அஸ்தம்பட்டி வாசகன்:

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் பழைய காமிக்ஸ் சேர்க்கிற நாங்கள் சிலர் மே மாதம் ஏற்காட்டில் ஒரு நாள் கூடுவதாக முடிவு செய்திருக்கிறோம். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் சின்ன ஹால் பேசியாகிவிட்டது. காலையில் அவரவர் கொண்டுவரும் இதழ்களை மேசையில் பரப்பிப் பார்ப்பது, மாற்றிக்கொள்வது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஓவியரோடு உட்கார்ந்து பேசுவது. 40 பேர் வரை வருவார்கள் என்று நினைக்கிறோம்.

அந்த ஓவியர் விஷயத்தில்தான் உங்கள் யோசனை வேண்டும். எண்பதுகளில் சிவகாசியில் அச்சான சிறுவர் இதழ்களுக்கும் காமிக்ஸ்களுக்கும் அட்டைப்படம், உள்பக்கப் படம் எல்லாம் வரைந்தவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சந்திப்பு முடியும்வரை பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். கூப்பிட்டதும் சந்தோஷமாகச் சம்மதித்தார். அப்புறம் அவருடைய மகன் போன் செய்து, கையெழுத்துக்குப் புத்தகம் ஒன்றுக்கு 100 ரூபாய், பென்சிலில் ஒரு முகம் வரைந்து கொடுக்க 500 ரூபாய் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். பஸ், தங்குமிடச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்வதாக முன்பே சொல்லியிருந்தோம்.

இதைக் குழுவில் சொன்னதும் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "அவர் பெயரை இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருந்தது நாம்தான், நம்மிடமே காசா?" என்று ஒருவர் வருத்தப்பட்டார். இன்னொரு நண்பர் அந்த ஓவியர் வரைந்த இதழ்களை மட்டும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருக்கிறார். எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்க வேண்டும் என்று கனவு கண்டுகொண்டிருந்தவர், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

எனக்குக் கொடுக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் 100 என்பது சரியான தொகையா, மற்ற ஊர்களில் என்ன வாங்குகிறார்கள், ஒருவருக்கு எத்தனை புத்தகம் என்று வரம்பு வைக்க வேண்டுமா, பணத்தை அவர் கையில் நேராகக் கொடுப்பதா, நாங்கள் வசூலித்துக் கொடுப்பதா? இதெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவர் மனம் நோகக் கூடாது. வருகிறவர்களும் முகம் சுளிக்கக் கூடாது.

அம்மாபேட்டை பழைய புத்தகம்:

நான் வேண்டாம் என்கிற பக்கம். ஓவியர் மேல் மரியாதைக் குறைவால் சொல்லவில்லை.

சென்னைப் புத்தகக் காட்சியிலும் ஈரோடு புத்தகத் திருவிழாவிலும் எழுத்தாளர்கள் வரிசையாக நின்ற அத்தனை பேருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் காசு கேட்டதில்லை. வாசகன் புத்தகத்தை நீட்டுவதும், அவர் பெயரைக் கேட்டு எழுதிக் கொடுப்பதும், ஒரு நிமிஷம் பேசுவதும் நம் ஊரில் ஓர் உறவு. அங்கே விலைப் பட்டியலை ஒட்டினால் அந்த ஒரு நிமிஷம் போய்விடும். நம் சந்திப்புக்குப் பள்ளிக்கூடப் பையன்களும் வருவார்கள். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டில் கேட்டு வாங்கி வருகிறவன் 100 ரூபாய்க்கு எங்கே போவான்?

ஓவியருக்குப் பணம் தேவை என்றால் கௌரவமாகச் செய்வோம். ஆளுக்கு முடிந்ததைப் போட்டு, மேடையில் பொன்னாடை போர்த்தி, பணமுடிப்பாகக் கொடுப்போம். முதல் 2,000 ரூபாய் என்னுடையது. கையெழுத்து அன்பாக இருக்கட்டும்.

செவ்வாய்ப்பேட்டைத் தூரிகை:

அம்மாபேட்டை அண்ணா சொல்வதில் இருக்கிற அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவள், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

எனக்குச் சோறு போடுவது கொலுசு டிசைன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகளுக்கு வரைந்து கொடுக்கிறேன். மிச்ச நேரத்தில் என் சொந்தக் காமிக்ஸ். சென்னையில் 2024 பிப்ரவரியில் முதல் முறையாகக் காமிக் கான் என்கிற காமிக்ஸ் விழா நடந்ததே, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில், அதில் நானும் ஒரு தோழியும் ஒரு மேசையைப் பங்கு போட்டுக்கொண்டோம். என்னிடம் வாங்கிய புத்தகத்துக்குக் கையெழுத்து எப்போதும் இலவசம். வாங்கியவர் நின்று பேசினால் ஓரத்தில் ஒரு பூனையோ குருவியோ கூட வரைந்து கொடுப்பேன். அது எனக்கும் சந்தோஷம்.

அன்று ஒருவர் ஒரே இதழில் நிறையப் பிரதிகளைக் கட்டாக வாங்கிக்கொண்டு வந்தார். "பெயர் எதுவும் எழுதாதீங்க மேடம், கையெழுத்து மட்டும் போதும்" என்றார். போட்டுக் கொடுத்தேன். மறுவாரமே அதே பிரதிகள் இணையத்தில் மூன்று மடங்கு விலைக்கு வந்தன. அவர் செய்தது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் என் கை உழைத்து உண்டான அந்தக் கூடுதல் விலையில் எனக்கு ஒரு பைசா இல்லை. அதற்குப் பிறகு என் மேசையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். "இன்னாருக்கு" என்று பெயர் எழுதி வாங்கிக்கொள்கிறவர்களுக்கு இலவசம். பெயரில்லாத வெறும் கையெழுத்து வேண்டும் என்றால் 50 ரூபாய். பெயர் எழுதிய பிரதியை விற்பது கஷ்டம், அதனால் அதை வாங்குகிறவர் வைத்துக்கொள்ளத்தான் வாங்குகிறார். இது நான் கண்டுபிடித்ததில்லை, வெளிநாட்டு ஓவியர்கள் பலர் செய்வதுதான்.

'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' என்ற அமெரிக்கப் படக்கதையை வரைந்த பில் வாட்டர்சன் கதை தெரிந்திருக்கும். தன் சொந்த ஊர்ப் புத்தகக் கடையில் யாருக்கும் சொல்லாமல் தன் புத்தகங்களில் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போவார். எடுப்பவருக்கு ஒரு சின்ன ஆச்சரியம் இருக்கட்டும் என்று. அதையும் சிலர் அள்ளிக்கொண்டு போய் இணையத்தில் பெரிய விலைக்கு விற்றார்கள். தெரிந்ததும் நிறுத்திவிட்டார். அத்தனை அன்பான ஒரு பழக்கம் அப்படி முடிந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938-இல் அந்தப் பாத்திரத்தின் மொத்த உரிமையையும் 130 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். வேறு வேலைகளுக்கான கூலியும் சேர்ந்த அந்த 412 டாலர் காசோலை 2012-இல் ஏலத்துக்கு வந்தது. 1,60,000 டாலருக்குப் போனது. காசோலையின் பின்பக்கம் இரண்டு பேரும் போட்ட கையெழுத்து இருக்கிறது. அவர்கள் கையெழுத்துக்கு உலகம் கொடுத்த விலை அது. கிடைத்தது யாருக்கோ. வயதான காலத்தில் அவர்கள் கஷ்டப்பட்டபோது, நீல் ஆடம்ஸ் போன்ற இளைய ஓவியர்கள் ஊரைக் கூட்டிப் பேசிய பிறகுதான் 1975-இல் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் உதவித்தொகையும், "உருவாக்கியவர்கள்" என்று பெயர் போடுவதும் கிடைத்தது. அதே நீல் ஆடம்ஸ் பிற்காலத்தில் விழாக்களில் கையெழுத்துக்குக் காசு வாங்கினார். ஏன் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் கதைக்கு வருவோம். இரும்புக்கை மாயாவியை நாம் எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். அந்தக் கையை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஜீசஸ் பிளாஸ்கோ என்பது நம்மில் எத்தனை பேருக்குச் சிறு வயதில் தெரியும்? மூலக்கதை வந்த பிரிட்டிஷ் வார இதழ்களில் அப்போது ஓவியர் பெயரே போடமாட்டார்கள். பெயரே போடாத தொழிலில் கையெழுத்து எங்கிருந்து வரும்? படம் வரைகிறவர்களுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒரு தடவை கூலி. அதோடு கணக்கு முடிந்தது. எழுத்தாளர்களோடு ஒப்பிடுவது அதனால்தான் சரிவராது. புத்தகம் விற்றால் எழுத்தாளருக்கு ராயல்டி என்று ஏதோ ஒன்று வர வழி இருக்கிறது. நீங்கள் கூப்பிட்டிருக்கும் பெரியவர் அன்று வரைந்த இதழை நீங்கள் பழைய புத்தகக் கடையில் 500, 1,000 கொடுத்து வாங்கியிருப்பீர்கள். அந்தக் காசு கடைக்காரருக்குப் போனது, அதில் தப்பில்லை. அந்த இதழால் ஓவியருக்கு இன்று வரக்கூடிய ஒரே வருமானம் இந்த 100 ரூபாய்தான்.

பணமுடிப்பு பற்றி. அண்ணா, மேடையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கும்பிடுவார். ஆனால் அது ஒரு வயதானவருக்கு நாம் செய்யும் உதவியாகிவிடும். அவர் கேட்டிருப்பது வேலைக்குக் கூலி. கேட்டதை அவர் கேட்ட பெயரிலேயே கொடுங்கள். முடிப்பும் கொடுக்க விருப்பம் என்றால் அதைத் தனியாகக் கொடுங்கள், இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

தொகை பற்றி என் அபிப்பிராயம்: 100 அதிகம் இல்லை. முகத்துக்கு 500 குறைவு. நல்ல முகம் ஒன்று வரைய கால் மணியிலிருந்து இருபது நிமிஷம் ஆகும். அந்த வயதில் ஒரு மத்தியானத்தில் எட்டுப் பத்து முகத்துக்கு மேல் கை தாங்காது. முன்பதிவு வைத்து எட்டோடு நிறுத்துங்கள், தொகையை 1,000 ஆக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். வரிசையில் நிற்பவர்கள் முன்னால் பேரம் பேச யாரையும் விடாதீர்கள். எங்களுக்கு அதுதான் எல்லாவற்றையும் விட வலிக்கும்.

சேர்வராயன், நியூ ஜெர்சியிலிருந்து:

சொந்த ஊர் ஏற்காடு, இப்போது நியூ ஜெர்சி. அக்டோபரில் நியூயார்க் காமிக் கானுக்குத் தவறாமல் போகிறவன். வெளியூர் நிலவரம் கேட்டதால் எழுதுகிறேன்.

இங்கே ஒரே விலை என்று கிடையாது. ஓவியர்கள் உட்காரும் பகுதியில் பலர் இன்னமும் ஒன்றிரண்டு புத்தகத்துக்கு இலவசமாகவே போடுகிறார்கள். அதற்கு மேல் கொண்டுபோனால் ஒன்றுக்கு 5, 10 டாலர் கேட்பார்கள். பெயர் பெற்றவர்கள் 20, 30, 50 என்று போவார்கள். ஸ்டான் லீ ஓவியர் இல்லை, எழுத்தாளர். ஆனாலும் அவருடைய கடைசி வருஷங்களில் ஒரு கையெழுத்து 100 டாலரைத் தாண்டியது. அதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஸ்டீவ் டிட்கோ. ஸ்பைடர்மேனை முதலில் வரைந்த கை. விழா, பேட்டி எதற்கும் வராமல் ஒதுங்கியே இருந்துவிட்டார். ஆச்சரியம், இரண்டு பேரும் 2018-இல்தான் காலமானார்கள்.

விலை ஏறியதற்குப் பெரிய காரணம் சி.ஜி.சி. என்ற தரமிடும் நிறுவனம். 2000-இல் வந்தது. இதழைப் பார்த்து 10-க்கு இத்தனை என்று தரம் போட்டு, உடைக்காமல் திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள். ஓவியர் கையெழுத்துப் போடுவதை அவர்களுடைய ஆள் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்திருந்தால் மஞ்சள் நிறச் சீட்டு ஒட்டுவார்கள். அந்த மஞ்சள் சீட்டு இருந்தால் சந்தை விலையே வேறு. அதனால் ஓவியர்களும் "உறைக்குப் போகிற புத்தகமா, வீட்டுக்குப் போகிற புத்தகமா?" என்று கேட்டு இரண்டு விலை வைத்துவிட்டார்கள். தூரிகை அக்கா சொன்ன பெயர் எழுதும் வழக்கமும் இங்கே நிறையப் பார்க்கிறேன்.

பிரான்சில் வேறு மாதிரி. ஆங்குலேம் நகரத்தில் 1974-இல் தொடங்கிய காமிக்ஸ் விழாவில், பதிப்பாளர் கடையில் புத்தகம் வாங்கினால் ஓவியர் முதல் பக்கத்தில் படமே வரைந்து கையெழுத்துப் போட்டுத் தருவார். இலவசம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாள் முழுக்கச் சம்பளமில்லாமல் உட்கார்ந்து வரைகிறோம், லாபம் பதிப்பாளருக்குப் போகிறது என்று அங்கேயும் ஓவியர்கள் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. சில மேசைகளில் விலை இருக்காது, ஓர் உண்டியல் இருக்கும். ஹீரோ இனிஷியேட்டிவ் என்று ஓர் அறக்கட்டளை, நோயிலும் முதுமையிலும் கஷ்டப்படும் காமிக்ஸ் கலைஞர்களுக்கு உதவுகிறது. கையெழுத்து வாங்குகிறவர்கள் விரும்பியதை அதில் போடலாம். அமெரிக்காவில் தனியாக வேலை செய்கிற ஓவியருக்கு மருத்துவக் காப்பீடு பெரும் பிரச்சினை, அதனால் அந்தப் பணம் உண்மையிலேயே உயிர் காக்கிறது. அம்மாபேட்டை அண்ணா சொன்ன பையன்கள் விஷயத்துக்கு இதையே திருப்பிப் போடலாம். நான் 5,000 ரூபாய் அனுப்புகிறேன். பள்ளி மாணவர்களுக்கு ஆளுக்கொரு புத்தகம் என்று அந்தப் பணத்தில் கழியுங்கள். பையன் கையில் காசு இல்லை என்பதற்காக ஓவியரின் கூலியைக் குறைக்க வேண்டியதில்லை.

கன்னங்குறிச்சி:

காசு விஷயத்தில் சொல்ல எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை. பேனா விஷயத்தில் இருக்கிறது. தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

எண்பதுகளின் இதழ்கள் நியூஸ்பிரிண்ட் தாள். இப்போது பழுத்து, மடித்தால் ஒடிகிற நிலைமை. ஸ்கெட்ச் பேனாவால் போட்டால் மறுபக்கம் ஊறிவிடும். பால் பாயிண்ட்டை அழுத்தினால் பள்ளம் விழும், சில சமயம் கிழியும். பிக்மென்ட் மை பேனா வாங்கிக்கொள்ளுங்கள். கட்டடப் படம் வரைகிற மாணவர்கள் வைத்திருப்பார்களே, மைக்ரான் மாதிரி, அது. மை ஊறாது, சீக்கிரம் மங்காது. வழவழப்பான அட்டையில் போடுவதென்றால் பெர்மனன்ட் மார்க்கர்தான் பிடிக்கும், ஆனால் காய நேரம் கொடுக்க வேண்டும். அட்டை ஓவியத்தின் மேலேயே போடச் சொல்லாதீர்கள். உள் அட்டையிலோ முதல் பக்கத்தின் வெள்ளை ஓரத்திலோ வாங்குங்கள்.

மே மாதம் ஏற்காட்டில் மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்வது வழக்கம். கையெழுத்து வாங்கிய கையோடு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நின்று பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். இடையில் ஒரு பட்டர் பேப்பர் வைத்து, வீட்டுக்குப் போய் ஆறவிட்டு அப்புறம் உறையில் போடுங்கள். பட்டர் பேப்பர் நான் கொண்டுவருகிறேன், எல்லோருக்கும் போதுமான அளவு.

அம்மாபேட்டை பழைய புத்தகம்:

தூரிகை தங்கச்சி, உதவிக்கும் கூலிக்கும் நீ காட்டிய வித்தியாசத்தை நான் யோசிக்கவில்லை. இருந்தாலும் மேசையில் விலைப் பலகை வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. பணம் வாசலிலேயே முடியட்டும். அவர் முன்னால் போய் நிற்கும்போது புத்தகமும் பேச்சும் மட்டும் இருக்கட்டும். என் 2,000-ஐயும் மாணவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டி வாசகன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஓவியருடனேயே பேசினேன். மகன் போனைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார், அதனால் மனம்விட்டுப் பேசினார்.

இலவசமாகப் பெயர் எழுதுவது, பெயரில்லாததற்குக் காசு என்ற யோசனையைச் சொன்னேன். அது தனக்குச் சரிவராது என்றார். பெயர் எழுதத்தான் நேரம் அதிகம் ஆகிறது, கையும் நடுங்குகிறது, ஆனாலும் பெயர் எழுதாமல் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றார். ஆக எல்லாக் கையெழுத்தும் பெயரோடுதான், 100 ரூபாய். பெயரை ஒரு துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். காதும் கொஞ்சம் மந்தமாம். ஒருவருக்கு மூன்று புத்தகம் வரை. டிரங்குப் பெட்டி நண்பரிடம் சொல்லிவிட்டேன், அவர் இப்போதே மூன்றைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்துவிட்டார்.

முகம் வரைவதற்கு 1,000 வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. 700 போதும் என்றார். எட்டு முகத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அவருக்குப் பழக்கமான வேலை வாண்டுமாமா கதைகளுக்கு ஓவியர் செல்லம் போட்ட மாதிரி ராஜா, மந்திரி, பூதம், பேசும் கிளி. அதில் எதைக் கேட்டாலும் வரைவாராம். சூப்பர் ஹீரோக்களைக் கேட்க வேண்டாம்.

பணம் எல்லாம் ஹால் வாசலில் என்னிடம். டோக்கன் தருவேன், மேசையில் காசே புழங்காது. அன்று மாலை மொத்தத்தையும் எண்ணி, கணக்கு எழுதிய தாளோடு அவர் கையில் கொடுத்துவிடுவோம். மாணவர்களுக்கு 7,000 சேர்ந்திருக்கிறது, ஆளுக்கொரு புத்தகம் அதிலிருந்து. பொன்னாடையும் உண்டு, பணமுடிப்பு இல்லாமல்.

அவர் முந்தின நாளே சேலத்துக்கு வந்துவிடுவார். புதிய பஸ் ஸ்டாண்டில் இருந்து அழைத்துப்போய் எங்கள் வீட்டில் தங்கவைத்து, காலையில் காரில் ஏற்றிவிடுகிறேன். 20 கொண்டை ஊசி வளைவு அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்றுதான் கவலை, மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறேன். கோடை விழா நாட்களில் அடிவாரம் வழியே ஏறுவதும் குப்பனூர் வழியே இறங்குவதும்தான் பெரும்பாலும் வழக்கம். கார் கொண்டுவருகிறவர்கள் திரும்பும் நேரத்தை அதற்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ளுங்கள். முகம் வேண்டும் என்கிறவர்கள் இங்கேயே கீழே எழுதுங்கள், ராஜாவா பூதமா என்பதையும் சேர்த்து. மூன்று இடம் ஏற்கெனவே போய்விட்டது.

செவ்வாய்ப்பேட்டைத் தூரிகை:

எனக்கு ஒரு கிளி.